பிறைக்கு முன்னும் பின்னும்: கொழும்புப் பெருநாள் காலையும் ஒரு வட்டில் வரலாறும்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாலை. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினியில் கித்துள் கருப்பட்டி சீவிக்கொண்டிருந்தேன். பிறை தெரிந்தால் மறுநாள் தொழுகை முடிந்த கையோடு இருபத்தாறு பேர் பசியாற வருவார்கள். பிறை தெரியாவிட்டால் அதே இருபத்தாறு பேரும் ஒரு நாள் கழித்து வருவார்கள். உதவிக்கென்று வந்திருந்த நானாவின் மகன், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிப்பவன், ஏலக்காய் உரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமி, நாங்க அறபு வம்சம் எண்டுதானே வாப்பா எப்பவும் சொல்ற. அப்ப இந்த வட்டிலப்பம் அறபு நாட்டுச் சாப்பாடா? எங்கட கூட்டாளி ஒருத்தன் சவூதியில ரெண்டு வருஷம் ஈந்தவன். அங்க இப்பிடி ஒண்டக் கண்ணாலயும் கண்டில்லையாம்."

முப்பது வருடம் பாடசாலையில் வரலாறு படிப்பித்தவள் நான். போர்த்துக்கேயர் எப்போது வந்தார்கள், ஒல்லாந்தர் எப்போது போனார்கள் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஆனால் என் கையில் இருந்த கருப்பட்டிக்கும் எதிரே இருந்த முட்டைத் தட்டுக்கும் என்ன வரலாறு என்று கேட்டபோது உடனே பதில் வரவில்லை. "முதல்ல அந்த ஏலக்காய இடி" என்று சமாளித்தேன். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

பிறையைப் பார்த்துச் சமைப்பது

கிறிஸ்தவருக்கு நத்தார் என்றைக்கு என்று வருடத் தொடக்கத்திலேயே தெரியும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பஞ்சாங்கம் நிமிடம் தவறாமல் நேரம் சொல்லும். நோன்புப் பெருநாள் மட்டும் முந்திய நாள் மஃரிபு வரை நிச்சயமில்லாத பெருநாள். இருபத்தொன்பதாம் நோன்பன்று கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழு தீர்மானித்த பின்தான் நாளை பெருநாளா, முப்பதாவது நோன்பா என்பது தெரியும். தீர்மானம் வருவதற்கும் மறுநாள் காலைத் தொழுகைக்கும் இடையில் இருப்பது ஓர் இரவு. அந்த ஓர் இரவுக்குள் ஒரு குடும்பத்துக்குக் காலைச் சாப்பாடு முழுவதும் ஆயத்தமாக வேண்டும். காலையில் அடுப்படியில் நின்றால் குளிப்பு எப்போது, புது உடுப்பு எப்போது, தொழுகை எப்போது?

இந்தச் சிக்கலை எங்கள் உம்மாமார் ஒரு முறையான ஒழுங்கினால் தீர்த்திருந்தார்கள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் உம்மாவிடம் நான் கண்ட ஒழுங்கு இதுதான்.

பெருநாளுக்கு ஒரு வாரம் முந்தி அச்சாறு போட்டுவிடுவார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட் எல்லாவற்றையும் வாட்டி, கடுகும் வினாகிரியும் சேர்த்து அரைத்ததில் ஊற விடுவது. அது ஊறுவதற்கு நாலைந்து நாள் வேண்டும். ஒரு நாள் கூடினால் இன்னும் நல்லது. ஆகவே பிறை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அச்சாறுக்கு நட்டமில்லை.

இருபத்தொன்பதாம் நாள் லுஹருக்குப் பின் கருப்பட்டியைச் சீவி, கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடித்து ஆற வைப்பார். கித்துள் கருப்பட்டியில் தும்பும் மண்ணும் இருக்கும், வடிக்காமல் விட்டால் பல்லில் படும். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை திரைந்துவிடும் என்பதால் ஆற வைப்பது கட்டாயம். ஆறிய பாகு இரண்டு நாளும் கெடாது. பாபத்தைக் கழுவி அவிய விடுவதும் அன்றுதான். மாட்டின் இரைப்பை மெதுவாக மணிக்கணக்கில் அவிந்தால்தான் மெத்தென்று வரும். பெருநாள் தள்ளிப்போனால் அது மறுநாள் நோன்பு திறக்கும்போது கறியாகிவிடும்.

அஸருக்குப் பின் தேங்காய் துருவி, முதற்பால் பிழிந்து தனியே வைப்பார். இங்கேதான் ஓர் எல்லைக்கோடு. பிறை தெரியவில்லை என்றால் அந்தப் பால் அப்படியே ஸஹர் சாப்பாட்டின் கறிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் போய்விடும். ஒரு துளி வீணாகாது. ஆனால் முட்டையை மட்டும் தொடக் கூடாது. "தக்பீர் காதில விழாம முட்ட உடைக்கப்படாது" என்பது உம்மாவின் சட்டம். முட்டையை உடைத்துப் பாகும் பாலும் சேர்த்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

கவனித்துப் பார்த்தால் இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே கேள்வியின் மேல் கட்டப்பட்டிருக்கிறது: பிறைக்கு முன் செய்யக்கூடியது எது, பின்னால் மட்டும் செய்யவேண்டியது எது? மீட்கக்கூடிய வேலைகள் முன்னால். மீட்க முடியாத வேலை பின்னால். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இந்த நெருக்கடி இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்து பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஆற அமரச் செய்யலாம். நோன்புப் பெருநாளின் காலைச் சாப்பாட்டுக்குத்தான் இந்த இரவுக் கணக்கு.

தக்பீர் கேட்டவுடன் வேலை ஓட்டமெடுக்கும். பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி, இரண்டு தேங்காயின் முதற்பால், ஆறேழு ஏலக்காய், கால்வாசிச் சாதிக்காய். முட்டையை நுரை வர அடிக்கக் கூடாது. கையால் பிசைந்து கலந்து, மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிக்கவேண்டும். வட்டிலில் ஊற்றி, மூடியின் உட்பக்கம் துணி கட்டி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆவியில் அவிக்கவேண்டும். துணி கட்டாவிட்டால் மூடியில் படியும் நீர் சொட்டிச் சொட்டி மேற்பரப்பு குழியாகும். நெருப்புக் கூடினால் உள்ளே கண் கண்ணாக ஓட்டை விழுந்து பாகு பிரியும். அந்தக் கண்தான் ருசி என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. கடைசியில் கஜு தூவி இறக்கி, இரவு முழுக்க ஆற விட்டால் காலையில் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இது எவ்வளவு பொருத்தமான பண்டம் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்புச் சூட்டில் பச்சைத் தேங்காய்ப்பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். ஆவியில் முழுக்க வெந்த வட்டிலப்பம் மூடி வைத்தால் மறுநாள் பகல் வரை நிற்கும். நிற்பது மட்டுமா, ஆறிய பிறகுதான் ஏலமும் சாதிக்காயும் உள்ளே இறங்கி ருசி கூடும். ஓர் இரவு இடைவெளியைக் குறையாக இல்லாமல் தேவையாகவே கொண்ட ஒரு பண்டம், ஓர் இரவு மட்டுமே அவகாசம் தரும் பெருநாளோடு சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

செய்தி வந்த வழி

என் உம்மம்மாவின் வீடு கொட்டாஞ்சேனையில். பெரிய பள்ளிவாசல் இருக்கும் புதிய சோனகத் தெரு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மஃரிபுக்குப் பின் சாச்சாமாரில் ஒருவர் பள்ளிக்குப் போய் நின்று, முடிவு வந்ததும் ஓடிவந்து வாசலில் இருந்தே சத்தம் போடுவாராம். எழுபதுகளில் உம்மாவும் வாப்பாவும் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அந்த ஓட்டம் சரிவரவில்லை. பெரிய பள்ளி நகரத்தின் அடுத்த கோடியில். அப்போது கைகொடுத்தது இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை. நான் வளர்ந்த குசினியில் வானொலிப் பெட்டி அரிசிப் பெட்டிக்கு மேலே இருந்தது. வானொலியில் தக்பீர் தொடங்கியதும் உம்மா முதல் முட்டையைத் தட்டுவார்.

அந்தச் செய்தி புறப்பட்டு வந்த பெரிய பள்ளிவாசலையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது இரண்டு மாடிப் பள்ளியாக எழுந்தபோது அதன் அமைப்பை வகுத்தவர் முஹம்மது பலங்காயா என்ற மலாயர் என்பது கொழும்பு வரலாற்றில் பதிவான விடயம். சோனகத் தெருவில் சோனகர் தொழும் பள்ளிக்கு வடிவம் கொடுத்தது ஒரு மலாயரின் கை. இதை மனதில் வைத்துக்கொண்டு வட்டிலுக்கு வருவோம்.

வட்டிலுக்குள் இருப்பவை

முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் மூன்றையும் கலந்து ஆவியில் அவிக்கும் பண்டம் மலாய் உலகில் பரவலாக உண்டு. அங்கே அதன் பெயர் ஸ்ரீகாயா. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றியதிலிருந்து 1796இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் வரை, ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களையும் கைதிகளையும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தவரையும் இங்கே கொண்டுவந்தார்கள். மாத்தறம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் நாடுகடத்தப்பட்டு இந்த மண்ணிலேயே 1734இல் மௌத்தானார். அரசரோடும் படைவீரரோடும் குடும்பங்கள் வந்தன. குடும்பங்களோடு சமையலும் வந்தது. வட்டிலப்பம் மலாயர் கொண்டுவந்தது என்று கொழும்பில் பரம்பரையாகச் சொல்லப்படுவதற்கு இதுவே பின்னணி.

அவர்களின் ஊரில் அரேன் என்ற பனையின் கருப்பட்டி. இங்கே வந்தபோது அதற்குப் பதிலாகக் கிடைத்தது கித்துள். தாவரவியலில் இரண்டும் நெருங்கிய உறவு. நிறத்திலும் வாசத்திலும்கூட அப்படித்தான். கித்துள் மரத்தில் ஏறிப் பாளை சீவி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சியவர்கள் மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்தவர். பெயரும் சிங்களப் பெயர்தான். சாதிக்காயின் பூர்வீகம் பண்டா தீவுகள். அந்தச் சாதிக்காய்க்காகவே 1621இல் ஒல்லாந்தர் அத்தீவு மக்களை அழித்த கதை உலகறிந்தது. கஜு பிரேசிலில் இருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரம். கஜு என்று நாங்கள் சொல்வதும் அவர்கள் சொல்லிக்கொடுத்த பெயர்தான். சொல்லப்போனால், இதையெல்லாம் வைத்துச் சமைக்கும் இடத்துக்கு நாங்கள் வழங்கும் 'குசினி'யும் போர்த்துக்கேயச் சொல்லே.

ஆனால் பண்டத்தின் பெயர்? வட்டில் என்றால் கிண்ணம், உண்கலம், பழந்தமிழ்ச் சொல். அப்பம் எல்லாருக்கும் தெரியும். மலாயர் கொண்டுவந்த ஸ்ரீகாயாவுக்கு எங்கள் பெண்கள் வைத்த பெயர் தமிழ்ப் பெயர். அதே பண்டம் கடலுக்கு அப்பால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் அவிக்கப்படுகிறது. இந்த ஊர்களுக்கும் கொழும்புக்கும் இடையே வணிகமும் மணவுறவும் மார்க்கக் கல்வியும் பல தலைமுறையாக நடந்தன. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) போன்ற பெரியார்களின் அறபுத் தமிழ் நூல்கள் இரு கரையிலும் ஓதப்பட்டன. கிதாபு வந்த தோணியில் சமையற் பக்குவம் வந்தும் போயும் இருக்கும்தானே.

பெருநாள் காலையில் இந்த வட்டிலப்பத்தை எதில் வைத்து உண்கிறோம்? நாலைந்து பேர் சுற்றியிருந்து உண்ணும் ஸஹனில். தட்டு என்ற பொருளுள்ள அறபுச் சொல் அது. எனவே என் மருமகனின் கேள்விக்கு அரைப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது: தட்டு அறபு, பண்டம் மலாய், பெயர் தமிழ், இனிப்பு சிங்களம்.

பக்கத்தில் இருக்கும் மற்றவற்றுக்கும் இதே கதைதான். பாபத் மலாய்ச் சொல். அச்சாறு பாரசீகத்தில் பிறந்து மலாய் வழியாக எங்கள் ஜாடிக்கு வந்தது. தொதல் ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் தொதல்தான். இங்கே சிங்களவர் புத்தாண்டுப் பலகாரத்தட்டிலும் அது இடம் பிடித்துவிட்டது. சம்பல் இல்லாமல் இந்த நாட்டில் எந்த இனத்தவர் வீட்டிலும் இடியப்பம் இறங்காது. அந்தச் சொல்லும் மலாய்தான் என்று யாழ்ப்பாணத்தாருக்கோ மாத்தறைக்காரருக்கோ சொன்னால் சிரிப்பார்கள்.

வம்ச விவாதமும் விடுபட்ட சாட்சியும்

இலங்கைச் சோனகர் யார் என்ற கேள்வி நூறு வருடத்துக்கு மேலாக எங்களைத் துரத்துகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமையால் அறபு நாட்டைவிட்டு வெளியேறிய ஹாஷிம் கோத்திரத்தார் இங்கே குடியேறினர் என்ற மரபை, முன்னாள் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுத்தில் பதிந்தார். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அது வெறும் ஆராய்ச்சி அல்ல. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி அப்போது எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதி, அறபு வம்சாவளியை நிலைநாட்ட முனைந்தார்.

அஸீஸின் நிலையை நான் விளங்கிக்கொள்கிறேன். இராமநாதன் சொன்னதை ஏற்றால் சமூகத்தின் அரசியற் குரலே கரைந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இரண்டு பெரியவர்களும் தேடியது தந்தையின் ஊரைத்தான். கப்பலில் வந்த அறபு வணிகர் ஆண்கள். அவர்கள் மணம் முடித்தது இந்தக் கரைகளின் பெண்களை. அந்தப் பெண்கள் என்ன மொழி பேசினார்கள், பிள்ளைக்கு என்ன ஊட்டினார்கள், பக்கத்து வீட்டிலிருந்து எதைக் கற்றார்கள் என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை.

இங்கே ஒரு முக்கியமான வழக்கத்தைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். எங்கள் சமூகத்தில் பரவலாக மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வீட்டிலேயே, அல்லது அவளுக்கென்று கொடுத்த வீட்டிலேயே இருப்பாள். வாப்பாமார் வருவார்கள், குசினி இடம் மாறாது. உம்மம்மா நின்ற அடுப்படியில் உம்மா நின்றார், அதே அடுப்படியில் மகள் நின்றாள். எழுத்தில் வராத ஒரு பதிவேடு அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டது. வம்ச விவாதத்தில் அதைச் சாட்சிக்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

குடிசன மதிப்பீடு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர், மலாயர் என்று எங்களைத் தனித்தனி நிரலில் எண்ணியது. வாழ்க்கை அப்படி நிரல் பிரித்து நடக்கவில்லை. சோனகர் கட்டியெழுப்பிய மருதானை ஸாஹிராக் கல்லூரியை 1921 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் வழிநடத்தியவர் டி.பி. ஜாயா, மலாயர். கொழும்பில் 1869இல் மலாய்ப் பத்திரிகை 'அலாமத் லங்காபுரி' அறபு எழுத்தில் வெளிவந்தது. அதே எழுத்தில்தான் எங்கள் உம்மம்மாமார் தமிழை எழுதினார்கள். இலங்கை மலாய் மொழியின் இலக்கணமே இங்கு வந்தபின் தமிழ், சிங்கள அமைப்புக்கு மாறிவிட்டதாக மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். சொல் மலாய், வாக்கிய ஒழுங்கு எங்களுடையது. வட்டிலப்பத்தைத் தலைகீழாக்கினால் அதுதான்: பக்குவம் மலாய், சொல் எங்களுடையது.

கொட்டாஞ்சேனைக் குசினி

உம்மம்மாவின் வீட்டுக்கு ஒரு பக்கம் லூசியா மாதா பேராலயத்தின் கோபுரம் தெரியும். இன்னொரு பக்கம் நடந்தால் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில். இராமநாதனின் தகப்பனார் கட்டி, பின்னர் இராமநாதனே கருங்கல்லில் எடுப்பித்தது. எங்களைத் தமிழர் என்று வாதிட்டவரின் கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்துதான் எங்கள் உம்மம்மா தக்பீருக்குக் காதுகொடுத்தார்.

அடுத்த வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவரை உம்மம்மா 'ராத்தா' என்று கூப்பிட, பேரப்பிள்ளைகள் நாங்களும் வயது வித்தியாசம் பாராமல் 'மலாய் ராத்தா' என்றே கூப்பிட்டோம். பெருநாள் இரவுகளில் அவர் பாபத் சட்டியோடு எங்கள் குசினிக்கு வந்து, போகும்போது எங்கள் வீட்டு வட்டிலப்பத்தின் ஓரத்தைக் கரண்டியால் கிள்ளிப் பார்ப்பார். "நெருப்பக் குறை புள்ள. வட்டிலப்பம் நித்திர கொள்ற மாதிரி வேகோணும்" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்குவத்தில் எது அவருடையது, எது உம்மம்மாவுடையது என்று இப்போது பிரிக்கவே முடியாது.

அவர் மௌத்தாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவரின் உம்மா இந்தப் பண்டத்தை எந்தப் பெயரால் கூப்பிட்டார் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கொழும்பு வளாகத்தில் ஒல்லாந்தர் காலத்துக்கு ஒரு முழு வருடம் செலவழித்துப் படித்தேன். அந்தக் காலத்தின் வாரிசு அடுத்த வீட்டில் கரண்டியோடு நின்றார். கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு பாத்திரம்

பெருநாள் சாப்பாட்டின் முக்கால்வாசி வேலை வீட்டாருக்கு, மிச்சம் அயலவருக்கு. காலையில் தொழுகைக்குப் போகுமுன்னே தட்டுகள் போய்விடும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தது பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பக்கத்து வீட்டு அன்ரி சைவம்; முட்டை தொடமாட்டார். அவருக்கென்று உம்மா கடற்பாசி காய்ச்சி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அனுப்புவார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எங்கள் குசினிப் படியில் ஒளித்திருந்து வட்டிலப்பம் சாப்பிடுவார்கள். அன்ரிக்கு அது தெரியும் என்று உம்மாவுக்கும் தெரியும். பாத்திரம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பாது. சீனியாவது, நாலு வாழைப்பழமாவது இருக்கும்.

1983இல் நோன்புப் பெருநாள் ஜூலை இரண்டாம் வாரத்தில் வந்தது. எனக்கு வயது பதினைந்து. கடற்பாசிப் பாத்திரத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் ஆகவில்லை, 25ஆம் திகதி அந்த வீடு எரிந்தது. பின் மதிலால் ஏறி வந்த ஐந்து பேரும் எங்கள் வீட்டில் இரண்டு இரவு இருந்தார்கள். பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. பல வருடம் கழித்து ரொறன்ரோவிலிருந்து அன்ரி உம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகளின் படிப்பு, பனி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: உங்கட கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பித்தர முடியாமல் போய்விட்டது, மன்னிக்கவேண்டும் என்று. உம்மா அந்தக் கடிதத்தை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எங்கள் ஆட்கள் சில மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் இரண்டு குடும்பம் அதே குசினியில் வந்து நின்றது. அவர்களின் வட்டில்களும் சோனகத் தெரு வீடுகளிலேயே கிடந்தன. ஒரு துயரத்தைக் காட்டி மற்றதை மறைக்க இதை எழுதவில்லை. உம்மா இரண்டு தடவையும் சோறு வடித்தார்.

2019இல் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையில் எங்கள் சாச்சி இருந்தார். ஆறு வாரம் கழித்து நோன்புப் பெருநாள். அயல் வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வழமையான தட்டை அனுப்புவதா என்று சாச்சி என்னிடம் போனில் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் வெறுங்கையோடு போய் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "இந்த வருசம் இனிப்பு வேணாம். உள்ளுக்கு வந்து கொஞ்ச நேரம் இருங்கோ" என்றாராம் அந்த வீட்டு அம்மா. சாச்சி போய் இருந்தார். அந்தப் பெருநாள் காலையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த வருடப் பெருநாள் ஊரடங்கில் போயிற்று. தட்டு அனுப்ப வழியே இல்லை. 2022 மே மாதத்துப் பெருநாளுக்கு எரிவாயு இல்லை. ஒரு மணி நேரம் மெல்லிய நெருப்பு வேண்டிய பண்டத்தை, சிலிண்டர் வரிசையில் நின்று கிடைத்த எரிவாயுவில் எப்படி அவிப்பது? மாடிவீட்டில் விறகும் மூட்டமுடியாது. எங்கள் தொகுதியில் நாலு முஸ்லிம் வீடுகள் சேர்ந்து ஒரே பெரிய சட்டியில், ஒரே அடுப்பில் எல்லாருடைய வட்டில்களையும் அடுக்கி அவித்தோம். நாட்டின் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் இப்படியான அடுப்பையும் ஒரு வரி எழுதவேண்டும்.

மருமகனுக்கு

மகன், உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் வாப்பா சொல்லும் அறபுக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்கள் வரலாற்றின் ஒரு இழை. ஆனால் பெருநாள் காலையில் உன் முன்னால் வைக்கும் ஸஹனில் அது ஒன்று மட்டும் இல்லை. நாடுகடத்தப்பட்ட ஜாவாக்காரரும், கித்துள் ஏறிய சிங்களவரும், தோணியில் வந்த காயல்காரரும், பெயர் வைத்த தமிழ்ப் பெண்ணும் அதில் இருக்கிறார்கள். எங்களைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டிய அரசியற் தேவை ஒரு காலத்தில் இருந்தது. அந்தத் தேவைக்காக எழுதிய வரலாற்றையே முழு வரலாறு என்று நம்பினால், எங்களுடைய உம்மாமாரை நாங்களே வெளியே தள்ளியவர்களாவோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெருநாள் இரவுச் சமையலைத் தெரிந்த மூத்த பெண் ஒருவர் இருந்தால், இந்த வருடமே அவர் அருகில் ஒரு கொப்பியோடு இருங்கள். அளவை மட்டும் எழுதாதீர்கள். யாரிடம் கற்றார், அவர் எந்த ஊர், அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள், பண்டத்தை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், யாருக்குத் தட்டுப் போனது என்றும் எழுதுங்கள். பள்ளிவாசல் நிர்வாகப் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் வைத்து எங்கள் ஆய்வாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். இந்தப் பதிவேடு மௌத்தாகிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை ஏழே கால் இருக்கும். மருமகனின் கைபேசியில் செய்தி வந்தது. அடுத்த நிமிடம் பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர். அவன் முட்டைத் தட்டை இழுத்தான். மூன்றாவது முட்டையில் ஓடு உள்ளே விழுந்தது. "வடிக்கிறதுதானே, பரவாயில்ல" என்றேன். முப்பது முட்டையும் உடைத்த பின் கை கழுவிவிட்டு, தன் விரிவுரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கேட்டான்: "மாமி, அந்த மலாய் ராத்தாட ஊர் எது?"

கொம்பனித்தெரு என்று உம்மம்மா சொல்லிய ஞாபகம். அவன் அதை எழுதினான்.